முதலில் வங்கி, பிறகு ஷோரூம்

கார் வாங்குவது என்று முடிவெடுத்த குடும்பம் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மாலை நேராக ஷோரூமுக்குத்தான் போகிறது. பிள்ளைகள் நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். குளிர்பானம் வரும். பிறகு விற்பனைப் பிரதிநிதி எதிரே உட்கார்ந்து, பணிவாக ஒரு கேள்வி கேட்பார்: “சார், மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நிமிடத்திலேயே பேரம் பேசும் பலம் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. வண்டியின் விலை, வட்டி விகிதம், கடன் ஓடும் ஆண்டுகள், காப்பீட்டுத் தொகை, தேவையில்லாத ஆக்சஸரீஸ் எல்லாம் ஒரே மாதத் தவணைக்குள் கரைந்துவிடும். “மாசம் 15,000” என்று நீங்கள் சொன்னால், அந்த 15,000-க்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். ஆண்டுகளைக் கூட்டினால் போதும்.

இந்த அத்தியாயத்தின் சாரம் ஒன்றுதான்: கடனை முதலில் முடிவு செய்யுங்கள், காரைப் பிறகு தேர்ந்தெடுங்கள். வங்கியின் அனுமதிக் கடிதத்தோடு ஷோரூமுக்குள் போகிறவர் விலையைப் பற்றி மட்டும் பேசினால் போதும். கடிதமில்லாமல் போகிறவர் விலை, வட்டி, காலம், காப்பீடு என்று நான்கையும் ஒரே மேசையில், ஒரே ஆளிடம் பேச வேண்டியிருக்கும்.

1. வங்கி தருவதும் உங்களால் கட்ட முடிவதும்

வங்கிகள் பொதுவாக ஒரு கணக்குப் போடும். கையில் வரும் மாத வருமானத்தில், ஏற்கெனவே கட்டும் தவணைகளையும் புதிய தவணையையும் சேர்த்து 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் கடன் கிடைக்கும். ஆனால் பெட்ரோல், சர்வீஸ், டயர், ஆண்டுக் காப்பீடு, பார்க்கிங் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அதை நீங்கள்தான் போட வேண்டும்.

மாதம் 60,000 ரூபாய் கையில் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பைக் கடனுக்கு மாதம் 4,000 கட்டுகிறார். எக்ஸ்-ஷோரூம் விலை 8.5 லட்சம் உள்ள கார் மீது கண். சாலைக்கு வரும்போது அது ஏறத்தாழ 10 லட்சம் ஆகும். 2 லட்சம் முன்பணம் போட்டு, 8 லட்சம் கடன் கேட்கிறார். வட்டி 9 விழுக்காடு என்று வைத்தால்:

3 ஆண்டு: மாதம் 25,440 ரூபாய், மொத்த வட்டி சுமார் 1,15,800.
5 ஆண்டு: மாதம் 16,607 ரூபாய், மொத்த வட்டி சுமார் 1,96,400.
7 ஆண்டு: மாதம் 12,871 ரூபாய், மொத்த வட்டி சுமார் 2,81,200.

7 ஆண்டுத் தவணை பார்வைக்கு இனிக்கும். 5 ஆண்டோடு ஒப்பிட்டால் மாதம் 3,700 ரூபாய் மிச்சம். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை கிட்டத்தட்ட 85,000 ரூபாய் கூடுதல் வட்டி.

வட்டியைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. 3 ஆண்டு முடியும்போது, 7 ஆண்டுக் கடனில் இன்னும் 5,17,000 ரூபாய் அசல் பாக்கியிருக்கும். காப்பீட்டில் வண்டிக்குப் போடும் மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 3 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 40 விழுக்காடு தேய்மானம் கழித்துக் கணக்கிடப்படுகிறது. 8.5 லட்சம் கார் 5,10,000 ஆகிவிடும். அந்தச் சமயத்தில் வண்டி விபத்தில் முழுதாக நாசமானாலோ திருடுபோனாலோ, காப்பீட்டுப் பணம் முழுவதும் வந்தாலும் கடன் தீராது. காரும் இல்லை, கையில் காசும் இல்லை. அதே கடனை 5 ஆண்டுக்கு வாங்கியிருந்தால் பாக்கி 3,63,500 மட்டுமே. வங்கிக்குப் போக ஏறத்தாழ ஒன்றரை லட்சம் உங்களுக்கு மிஞ்சும். காருக்கு 5 ஆண்டைத் தாண்டிய கடன் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

சரி, இவரால் 5 ஆண்டுத் தவணையைக் கட்ட முடியுமா? வங்கிக் கணக்கில் முடியும்: பைக்கையும் சேர்த்து 20,600, வருமானத்தில் 34 விழுக்காடு. வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் எரிபொருளுக்கு 6,700. காப்பீடு, சர்வீஸ், டயருக்கு மாதம் 4,000 ஒதுக்கினால், வண்டிகளுக்கே 31,000 ரூபாய் போகிறது. சம்பளத்தில் பாதிக்கு மேல். வாடகையும் பள்ளிக் கட்டணமும் இருக்கும் வீட்டில் இது தாங்காது. இவருக்கு என் பரிந்துரை: கடனை 6 லட்சமாகக் குறையுங்கள். தவணை 12,455-க்கு இறங்கும். அதற்கு ஒன்று முன்பணத்தைக் கூட்ட வேண்டும், அல்லது காரைச் சற்றுச் சிறியதாகப் பார்க்க வேண்டும்.

முன்பணத்துக்காக நகையை அடகு வைப்பதோ தனிநபர் கடன் வாங்குவதோ பலர் செய்கிற வேலை. அதுவும் கடன்தான், அதற்கும் வட்டி உண்டு. முன்பணம் சேமிப்பிலிருந்து வரவில்லை என்றால், கார் வாங்கும் காலம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

2. சிபில்: வங்கி உங்களைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள்

இந்தியாவில் கடன் வரலாற்றைத் திரட்டும் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். முதலில் வந்தது சிபில் என்பதால் ஊரில் எல்லா மதிப்பெண்ணும் ‘சிபில்’ ஆகிவிட்டது. மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் கடன் எளிதில் கிடைக்கும். பல வங்கிகள் வட்டியையே மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் நிர்ணயிக்கின்றன.

இந்த நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கார் வாங்கத் திட்டமிடும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே அவரவர் இணையதளத்தில் எடுத்துவிடுங்கள். இடையில் ஆள் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அறிக்கையில் மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, உங்களுக்குத் தெரியாத கடன் ஏதாவது இருக்கிறதா? நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது, கைபேசி வாங்கும்போது கடையில் போட்ட சிறுகடன், ஆண்டுக்கட்டணம் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு எல்லாம் இங்கேதான் வெளியே வரும்.

இரண்டாவது, அடைத்த கடனின் நிலை. ‘முடிக்கப்பட்டது’ என்று இருந்தால் நல்லது. ‘செட்டில்டு’ என்று இருந்தால், முழுத்தொகையைக் கட்டாமல் பேசித் தீர்த்துக்கொண்டவர் என்று வங்கி எடுத்துக்கொள்ளும். பழைய கடனைப் பாதித் தொகையில் முடித்துத் தருகிறோம் என்று அழைப்பு வந்தால், இதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது, கடந்த மாதங்களில் யார் யார் உங்கள் அறிக்கையைப் பார்த்தார்கள் என்ற பட்டியல். இதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மதிப்பெண் குறைவாக இருந்தால் குறுக்குவழி கிடையாது. பாக்கியைக் கட்டுங்கள். கிரெடிட் கார்டு வரம்பில் 30 விழுக்காட்டுக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். சில மாதம் பொறுங்கள். ‘சிபிலைச் சரிசெய்து தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் ஆதார், பான் விவரங்களைக் கொடுத்துவிடாதீர்கள். அவர்களால் செய்ய முடிகிற எதையும் நீங்களே இலவசமாகச் செய்யலாம்.

இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு மதிப்பெண் இருக்காது. அதை மட்டும் காரணமாக வைத்து முதல்முறை விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது. சம்பளம் வரவாகும் வங்கியிலேயே கேட்பதுதான் இவர்களுக்கு நல்ல வழி. உங்கள் வரவு செலவு முழுக்க அங்கே பதிவாகியிருக்கிறது.

3. எங்கே கேட்பது, என்ன கொண்டு போவது

மூன்று இடங்களில் விசாரியுங்கள்: உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி, ஒரு பொதுத்துறை வங்கி, ஒரு தனியார் வங்கி அல்லது நிதி நிறுவனம். பொதுத்துறை வங்கியில் வட்டி பெரும்பாலும் சற்றுக் குறைவு, காகிதம் அதிகம். நிதி நிறுவனங்களில் வேகம் அதிகம், வட்டியும் அதிகம். வருமானச் சான்று முறையாக இல்லாதவர்களுக்கு அவர்கள் கைகொடுப்பது உண்மை. அந்த ஆபத்துக்கான விலை வட்டியில் ஏறியிருக்கும்.

விசாரிப்பது வேறு, விண்ணப்பிப்பது வேறு. முறையாக விண்ணப்பித்தால் வங்கி உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கும். அந்தப் பார்வை அறிக்கையில் பதிவாகும். சில வாரங்களுக்குள் பல பதிவுகள் விழுந்தால், கடனுக்கு அலைகிறார் என்று பொருள்பட்டு மதிப்பெண் இறங்கும். ஷோரூமில் உங்கள் பான் அட்டையைக் கேட்பவர், “எந்த பேங்க்ல சீக்கிரம் கிடைக்குதுன்னு பாக்கறேன் சார்” என்று ஒரே மாலையில் ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. எந்த நிறுவனத்துக்கு என்று சொல்லாமல் பான், ஆதார் நகலைக் கொடுக்க வேண்டாம். கொடுக்கும் நகலில் எதற்காக, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஆவணங்கள்: எல்லாருக்கும் பான், ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை. சம்பளக்காரர்களுக்குக் கூடுதலாக மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-ம். தொழில் செய்பவர்களுக்கு இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதன் ரிட்டர்ன். விவசாயிகளிடம் சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்களைக் கேட்பார்கள். கணவன் மனைவி இருவருக்கும் வருமானம் இருந்தால் இணை விண்ணப்பதாரராகச் சேர்வதால் தகுதி கூடும். ஆனால் தவணை தவறினால் இருவர் மதிப்பெண்ணும் விழும்.

கடைசி ஆறு மாதத்தில் கணக்கில் செக் பவுன்ஸ் ஆகியிருந்தால் கடன் அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும். கார் வாங்கும் எண்ணம் வந்ததிலிருந்து கணக்கைச் சுத்தமாக வைத்திருங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அடுத்த வங்கிக்கு ஓடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரியாமல் இன்னொரு இடத்தில் விண்ணப்பித்தால் இன்னொரு நிராகரிப்புதான் கிடைக்கும்.

4. கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய தாள்

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குப் புதிதாகத் தரும் ஒவ்வொரு தவணைக் கடனுக்கும் ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்’ என்ற சுருக்க அறிக்கையைத் தருவது கட்டாயம். கடனின் முக்கிய விவரங்களெல்லாம் அதில் இருக்கும்: வட்டி, எல்லாக் கட்டணங்களும், மொத்தம் கட்ட வேண்டிய தொகை. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் விதி. கேட்டு வாங்குங்கள். அதில் ஏ.பி.ஆர். என்ற எண்ணைத் தேடுங்கள். வட்டியோடு செயலாக்கக் கட்டணம் முதலிய செலவுகளையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு ஆகிறது என்பதைச் சொல்லும் எண் அது. இரண்டு வங்கிகளை ஒப்பிட வேண்டுமென்றால் விளம்பர வட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

‘ஃபிளாட் வட்டி’ என்று யாராவது சொன்னால் கவனமாகுங்கள். 8 லட்சத்துக்கு 5 ஆண்டு, ஃபிளாட் 6 விழுக்காடு என்றால் வட்டி 2,40,000, தவணை 17,333. குறைந்துவரும் அசலுக்குப் போடும் 9 விழுக்காட்டில் தவணை 16,607தான் என்று மேலே பார்த்தோம். அதாவது 6 என்று சொல்வது 9-ஐவிட அதிகம். அதன் உண்மையான அளவு 11-க்குச் சற்றுக் குறைவு. அசலில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழு அசலுக்கே வட்டி போடுவதால் வரும் வித்தியாசம் இது.

அடுத்து, முன்கூட்டியே அடைத்தால் என்ன கட்டணம்? மாறும் வட்டியில் தனிநபர் தன் சொந்தத் தேவைக்கு வாங்கிய கடனுக்கு முன்கூட்டி அடைப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் கார் கடன்களில் பெரும்பகுதி நிலையான வட்டியில்தான் தரப்படுகிறது. அவற்றுக்குப் பல வங்கிகள் பாக்கி அசலில் சில விழுக்காடு வாங்குகின்றன. எந்த ஆண்டுக்குப் பிறகு கட்டணம் குறைகிறது, பகுதியாக அடைக்க அனுமதி உண்டா என்று கேட்டு, தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். போனஸோ சீட்டுப் பணமோ எதிர்பார்ப்பவர்களுக்கு இது முக்கியம்.

கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீட்டைத் தலையில் கட்டுவதும் நடக்கும். பிரீமியத்தையும் கடனில் சேர்த்துவிடுவதால் அது கண்ணில் படாது. அந்தத் தொகைக்கும் வட்டி ஓடும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்.

5. ஷோரூமில்: விலையை உடைத்துக் கேளுங்கள்

அனுமதிக் கடிதம் கையில் வந்துவிட்டது. இப்போது ஷோரூமுக்குப் போகலாம். முதலில் கேட்க வேண்டியது ஆன்-ரோடு விலையின் வரிவாரியான தாள்.

எக்ஸ்-ஷோரூம் விலை: இதில் ஜி.எஸ்.டி. அடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மேற்படாத சிறிய கார்களுக்கு, பெட்ரோலில் 1,200 சி.சி., டீசலில் 1,500 சி.சி. வரை, 18 விழுக்காடு. அதைத் தாண்டிய கார்களுக்கு 40. மின்சாரக் கார்களுக்கு 5.

ஆயுட்கால வரி: தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. விகிதம் முழு விலைக்கும் பொருந்துவதால் 10 லட்சம் என்ற கோடு மிக முக்கியம். 9.95 லட்சம் காருக்கு வரி சுமார் 1,29,000. 10.05 லட்சம் காருக்கு சுமார் 1,81,000. விலையில் 10,000 கூடினால் வரியில் 50,000-க்கு மேல் கூடுகிறது. சன்ரூஃபுக்காக அடுத்த வேரியண்டுக்குத் தாவும்போது இதைக் கணக்கில் வையுங்கள். 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு டி.சி.எஸ். என்று 1 விழுக்காடு வசூலிப்பார்கள். அது செலவில் சேராது; வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். ரசீதில் பான் எண் சரியாக இருக்க வேண்டும்.

காப்பீடு: புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 ஆண்டுக்கு எடுப்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். இரண்டையும் ஷோரூமில்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதே ஐ.டி.வி., அதே கூடுதல் பாதுகாப்புகளோடு வெளியே விலை கேட்டு, அந்தத் தாளைக் காட்டுங்கள். பல இடங்களில் அங்கேயே குறைப்பார்கள். சென்னை, கடலூர் போன்று தண்ணீர் நிற்கும் ஊர்களில் இருப்பவர்கள் ‘இன்ஜின் புரொடெக்ட்’ சேர்ப்பது நல்லது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த ஊர் நம்முடையது. தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காது. வண்டி நீரில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்த பாடம்.

மற்றவை: ஆக்சஸரீஸ் தொகுப்பு, பெயிண்ட் பாதுகாப்பு, நீட்டிக்கப்பட்ட வாரண்டி எல்லாம் உங்கள் விருப்பம். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தால், எந்தச் சேவைக்கு என்று கேட்டு நீக்கச் சொல்லுங்கள். ஃபாஸ்டேக், நம்பர் பிளேட் போன்ற சிறு தொகைகளை இருமுறை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பேரத்துக்கு நல்ல காலங்கள் இரண்டு. ஆடி மாதத்தில் நம் மக்கள் வண்டி எடுக்கத் தயங்குவதால் ஷோரூமில் கூட்டம் குறைவு, தள்ளுபடி அதிகம். ஆடியில் விலை பேசி முன்பதிவு செய்து, ஆவணியில் வண்டி எடுப்பவர்கள் உண்டு. அப்போது ஆடித் தள்ளுபடி ஆவணி டெலிவரிக்கும் செல்லும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மற்றொன்று டிசம்பர். அதில் ஒரு கணக்கு இருக்கிறது: பின்னாளில் விற்கும்போது தயாரிப்பு ஆண்டைத்தான் பார்ப்பார்கள். ஜனவரியில் எடுத்தாலும் முந்தைய ஆண்டு வண்டி முந்தைய ஆண்டு வண்டிதான். ஏழெட்டு ஆண்டு ஓட்டப் போகிறவருக்கு டிசம்பர் தள்ளுபடி லாபம். மூன்றே ஆண்டில் மாற்றுபவருக்கு அந்த லாபம் விற்கும்போது போய்விடும்.

பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் செலுத்துங்கள். “இப்பவே புக் பண்ணினாத்தான் இந்த ரேட், என் நம்பருக்கு போட்டுடுங்க” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முன்பதிவு ரசீதில் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

6. வண்டி எடுக்கும் நாள்

பூசணிக்காயும் எலுமிச்சையும் வாங்குவதற்கு முன், பதிவுக்குப் போகும் முன்பே ஒருமுறை பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பாருங்கள். பதிவான பிறகு குறை கண்டால் வண்டியை மாற்றுவது பெரும்பாடு.

சேசிஸ் நம்பரை ரசீதோடு ஒப்பிடுங்கள். விற்பனைச் சான்றிதழான ஃபார்ம் 21-ல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்; 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். ஐந்து டயரிலும் தேதி அருகருகே இருக்க வேண்டும். ஓடோமீட்டர், பெயிண்டில் நிற வேறுபாடு, கதவு இடைவெளி, ஏ.சி., எல்லா விளக்குகள், ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு சாவி ஆகியவற்றைச் சரிபாருங்கள். பதிவு எண் பொருத்தாமல் புதிய வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம். நல்ல நேரம் போய்விடும் என்று அவசரப்பட்டு எண் இல்லாத வண்டியை வாங்கிவர வேண்டாம். வழியில் ஏதாவது நடந்தால் சிக்கல் உங்களுக்கு.

ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் ‘ஹைப்போதிகேஷன்’ என்று பதிவாகும். காப்பீட்டுப் பாலிசியிலும் அதே பெயர் சரியாக இருக்க வேண்டும்.

7. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு

பழைய காருக்கும் கடன் உண்டு. வட்டி கூடுதல், காலம் குறைவு, வங்கி போடும் மதிப்புக்கு மேல் கிடைக்காது. பணம் கொடுப்பதற்கு முன் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, யார் பெயரில் இருக்கிறது, எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, காப்பீடு எதுவரை, அபராதம் பாக்கியுள்ளதா என்று பாருங்கள். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்தை 30 நாளுக்குள் முடியுங்கள். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

பழைய காரை விற்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. “மெதுவா மாத்திக்கறேண்ணே” என்று வாங்கியவர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். வண்டியை விற்ற பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

8. தவணை ஓடும்போதும் முடிந்த பிறகும்

டியூ தேதிக்கு இரண்டு நாள் முன்பே கணக்கில் பணம் இருக்கட்டும். ஒருமுறை திரும்பினால் உங்கள் வங்கி ஒரு கட்டணம், கடன் தந்தவர் ஒரு கட்டணம் என இரு பக்கமும் பிடிப்பார்கள், மதிப்பெண்ணும் சரியும். வேலை போனாலோ மருத்துவச் செலவு வந்தாலோ, தவணை தவறுவதற்கு முன் கிளைக்குப் போய் எழுத்தில் தெரிவியுங்கள். 90 நாள் கடந்தால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதன்பிறகு பேச்சு கடினம்.

தவணை தவறியவரையும் வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைக்கக் கூடாது. மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது. ஆள்பலம் காட்டி வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. வங்கியில் எழுத்துப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். உதவி எண் 14448.

கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிவதில்லை. தடையில்லாச் சான்றையும், வங்கி முத்திரையிட்ட ஃபார்ம் 35-ஐயும் வாங்குங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் தந்து பதிவான பொறுப்பை நீக்க வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி. அந்தத் தாள்களோடு பரிவாகனில் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஹைப்போதிகேஷன் பதிவை, அதாவது ஹெச்.பி.யை, கேன்சல் செய்யுங்கள். காப்பீட்டிலும் வங்கிப் பெயரை நீக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் பீரோவில் வைத்துவிட்டால், வண்டியை விற்கப் போகும்போது மீண்டும் வங்கிக்கு அலைய வேண்டியிருக்கும். சில மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையில் ‘முடிக்கப்பட்டது’ என்று வந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

வரி, ஜி.எஸ்.டி., வட்டி விகிதங்கள் மாறக்கூடியவை. வாங்கும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: வீட்டுக் கணக்கு, சிபில் அறிக்கை, வங்கியின் அனுமதிக் கடிதம், அதன்பிறகு ஷோரூம். இந்த வாரம் முதல் வேலையாக இலவச அறிக்கையை எடுங்கள். டெஸ்ட் டிரைவ் அடுத்த மாதம் போகலாம்.